இரண்டாம் பத்தியின் முதல் வரி

சீனாவில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளையின் ஆங்கில நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினால், பெரும்பாலும் ஒரு பட்டியல் கண்ணில் படும். கோபம், பயம், மகிழ்ச்சி, வெட்கம், நன்றி என்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் எந்தக் கதைக்கும் பொருந்துகிற மாதிரி தயாராக வைத்த வாக்கியங்கள். இதயம் முரசாய் அடித்தது. கன்னத்தில் கண்ணீர் உருண்டது. கால் ஈயமாய்க் கனத்தது. தொண்டை அடைத்துப் பேச்சு வரவில்லை. கடைசியில் சூரியன் மறைய, பொன்னிற ஒளியில் எல்லோரும் புன்னகைக்க, வாழ்க்கைப் பாடம் ஒன்றோடு கதை முடியும். எந்தக் கேள்வி வந்தாலும் இதிலிருந்து நாலைந்தை எடுத்து ஒட்டிவிடலாம் என்பது கணக்கு.

இந்தப் பட்டியலில் என்னை உறுத்துவது மனப்பாடம் அல்ல. மனப்பாடம் செய்யாமல் அந்நிய மொழி எதுவும் வராது. உறுத்துவது, மனப்பாடத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு கொண்டுவந்த கேள்விக்கே இவ்வளவு மனப்பாடம் நடப்பதுதான். காவ்காவ் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளில், பாதியில் நிற்கும் ஒரு கதையைக் கொடுத்து முடிக்கச் சொல்லும் கேள்வியைத்தான் சொல்கிறேன்.

ஆங்கிலத் தேர்வு ஜூன் 8 பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை. மொத்தம் 750-இல் ஆங்கிலத்துக்கு 150. பல மாகாணங்கள் எழுதும் புதிய தேசியத் தாளில் கேட்டலுக்கு 30, வாசிப்புக்கு 50, சொல்லும் இலக்கணமும் சேர்த்து 30, எழுத்துக்கு 40. எழுத்துக்கான நாற்பதில் 15 ஒரு சிறு கடிதத்துக்கு, சுமார் 80 சொல். மீதி 25 இந்தக் கதைக்கு. ஏறக்குறைய 350 சொல்லில் ஒரு சம்பவம் சிக்கலான இடத்தில் வந்து நிற்கும். அடுத்த இரண்டு பத்திகளுக்கும் முதல் வாக்கியம் அச்சிலேயே இருக்கும். மாணவர் சுமார் 150 சொல்லில் இரண்டையும் நிரப்ப வேண்டும்.

குவாங்டோங் அயல்மொழிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாங் சூமிங் 2012-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தேர்வுக் கேள்வி என்பதைவிட, மொழி கற்கும் வழியாகவே முன்வைத்தார். ஒருவர் தன்னைவிட நன்றாக எழுதத் தெரிந்தவரின் கதையைத் தொடர வேண்டியிருக்கும்போது, அந்தக் கதையின் சொல்லையும் வாக்கிய அமைப்பையும் தன்னையறியாமல் கைக்கொள்கிறார். வாசிப்பு எழுத்தை மேலே இழுக்கிறது என்பது அவர் வாதம். 2016 அக்டோபரில் ஜெஜியாங் மாகாணம் இதைத் தேர்வில் வைத்தது. ஆரம்பத்தில் கதையில் அடிக்கோடிட்ட பத்துச் சொற்களில் ஐந்தையாவது பயன்படுத்த வேண்டும் என்று ஒரு நிபந்தனைகூட இருந்தது. பிறகு அது போய்விட்டது. 2020-இல் ஷான்டோங் எழுதிய தாளிலும், அடுத்த ஆண்டு இன்னும் பல மாகாணங்களிலும் இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்தது. அதே வேகத்தில் உணர்ச்சிப் பட்டியலும் பரவியது.

வியன்னாவில் ஒரு டாக்ஸி

பட்டியல் எங்கே கைவிடும் என்று பார்க்க 2024-இன் புதிய தேசியத் தாள் 1 நல்ல உதாரணம். ஒருவர் வியன்னாவுக்குப் பறந்து, அங்கிருந்து பேருந்தில் பிராகில் நடக்கும் மாநாட்டுக்குப் போக வேண்டும். புயலால் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். கடைசிப் பேருந்துக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது. ஓடிப்போய் முதலில் நின்ற டாக்ஸியில் ஏறுகிறார். ஓட்டுநர் குந்தருக்கு அந்தப் பேருந்து நிலையம் தெரியவில்லை. நண்பருக்கு போன் போட்டு நீளமாக விவாதித்துவிட்டு வண்டியை எடுக்கிறார். இரண்டே நிமிடம் மிச்சம் இருக்கப் போய்ச் சேருகிறார்கள். நல்லவேளையாக ஏறுவதற்கு இன்னும் வரிசை நிற்கிறது. அப்போதுதான் பயணிக்குப் பையில் ரொக்கம் இல்லை என்பது உறைக்கிறது. அவருடைய போர்ச்சுகீசிய வங்கி அட்டையைக் குந்தரின் இயந்திரம் ஏற்கவில்லை. நிலைய வாசலில் ஒரு ஏடிஎம். ஓடிப்போய் அட்டையைச் செருகினால், பழுது என்கிறது திரை. கதை அங்கே நிற்கிறது.

முதல் பத்தியின் தொடக்கம்: குந்தரிடம் ஓடிவந்து கெட்ட செய்தியைச் சொன்னேன். இரண்டாம் பத்தியின் தொடக்கம்: நான்கு நாள் கழித்து வியன்னா திரும்பியதும், சொன்னபடியே குந்தரை அழைத்தேன்.

கேள்வியின் சாவி முழுக்க இந்த இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. ‘சொன்னபடியே’ என்று இருப்பதால் முதல் பத்திக்குள் யாரோ எதையோ சொல்லியாக வேண்டும். ‘அழைத்தேன்’ என்றால் தொலைபேசி எண் கைமாறியிருக்க வேண்டும். ‘நான்கு நாள் கழித்து’, ‘திரும்பியதும்’ என்பதால் அவர் அந்தப் பேருந்தைப் பிடித்து பிராக் போயிருக்க வேண்டும் என்று வைப்பதுதான் இயல்பு. ஆக, காசு வாங்காமல் குந்தர் அவரை அனுப்பியிருக்கிறார். முதல் பத்தியில் நடக்க வேண்டியவற்றை மாணவர் கற்பனை செய்யத் தேவையில்லை, பின்னாலிருந்து கணக்குப் போட்டு எடுக்கலாம். இன்னொரு நெருக்கடியும் கதையிலேயே இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் பெரும்பகுதி போய்விட்டது, வரிசையும் கரைந்துகொண்டிருக்கிறது. நின்று பேச நேரமில்லை.

இப்போது பட்டியலோடு வருகிற மாணவரை நினைத்துப் பாருங்கள். கெட்ட செய்தி என்றதும் கை தானாக வருத்தப் பக்கத்துக்குப் போகும். கண்ணீர், தொண்டை, முரசு என்று மூன்று வாக்கியத்தில் நாற்பது சொல் போயாச்சு. குந்தர் தோளில் கை வைத்து ஆறுதல் சொல்வதில் இன்னொரு முப்பது. பத்திக்கு உத்தேசமாக 75 சொல்தான். எண்ணும் கைமாறவில்லை, வாக்கும் கொடுக்கவில்லை, பேருந்திலும் ஏறவில்லை. அடுத்த பத்தி ‘சொன்னபடியே’ என்று தொடங்கும்போது திருத்துபவர் நின்றுவிடுவார்: எப்போது சொன்னார்? இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத அந்த விடை மேல் மதிப்பெண் தட்டுக்குப் போகாது. கொடுத்த கதையோடும் பத்தித் தொடக்கங்களோடும் எழுதியது எவ்வளவு ஒட்டுகிறது என்பதும் மதிப்பெண் வரையறையிலேயே உண்டு. 21 முதல் 25 வரை ஒரு தட்டு, பிறகு ஐந்தைந்தாக இறங்கும். தொடர்ச்சி அறுந்தால் முதலில் தட்டு நழுவும். அதற்குள்தான் ஒன்றிரண்டு மதிப்பெண் கூடுவதும் குறைவதும்.

உருப்படியான திட்டம் ஆறு வினைகளில் முடிந்துவிடும். சொன்னேன், குந்தர் பேருந்தைத் திரும்பிப் பார்த்தார், ‘போங்க’ என்றார், ரசீதின் பின்பக்கத்தில் எண்ணைக் கிறுக்கிக் கொடுத்தார், திரும்பி வந்ததும் அழைக்கிறேன் என்றேன், கடைசி ஆளாக ஏறினேன். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு சொல் என்றாலே பத்தி நிறைந்துவிடும். உணர்ச்சி வேண்டுமா, திரும்பிப் பார்த்த அந்த ஒரு பார்வையிலேயே இருக்கிறது. இரண்டாம் பத்தியில் இன்னும் சுவையான வாய்ப்பு உண்டு. முதல்முறை வழி தெரியாமல் நண்பருக்கு போன் போட்டவர் குந்தர். ‘இந்தத் தடவை யாரிடமும் வழி கேட்காமல் நேராக வந்து நின்றார்’ என்று ஒரு வரி எழுதுகிற மாணவர், கதையைக் கவனித்துப் படித்ததை ஒரே வாக்கியத்தில் காட்டிவிடுகிறார். அந்த வரி எந்தப் பட்டியலிலும் கிடைக்காது.

மற்ற ஆண்டுகளிலும் இதே பூட்டு

2023-இல் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஒரு பிள்ளை, ஆசிரியர் வற்புறுத்தியதால் எழுத்துப் போட்டிக்குக் கதை எழுதி அனுப்புகிறது. முதல் பத்தி, போட்டியே ஏறக்குறைய மறந்துபோன வேளையில் செய்தி வந்தது என்று தொடங்கும். இரண்டாவது, பரிசளிப்பு முடிந்ததும் ஆசிரியரின் அறைக்குப் போனேன் என்று தொடங்கும். ஆக, செய்தி வந்த ஆனந்தத்தில் 75 சொல்லையும் கொட்டினால் பரிசளிப்பு விழா நடக்காமலே முடிந்துவிடும். 2021-இல் அன்னையர் நாளுக்குக் காலை உணவு செய்யப் போய், கஞ்சி பொங்கி, ரொட்டி கருகி நிற்கும் இரட்டையர். அப்பா வருகிறார். இரண்டாம் பத்தியில் அவர்கள் உணவை மாடிக்கு எடுத்துப் போய் அம்மாவை எழுப்புகிறார்கள். அப்படியானால் முதல் பத்தி முடிவதற்குள் தட்டில் வைக்கத் தகுந்த ஏதாவது சமைத்தாக வேண்டும். அப்பா கட்டியணைத்து அறிவுரை சொல்வதோடு பத்தி முடிந்தால், மாடிக்குப் போவது கருகிய ரொட்டிதான்.

எல்லாக் கதையும் இப்படி வினையாகவே ஓடாது. 2022-இன் கதையில் மூளை தொடர்பான நோயால் மற்றவர்களைப் போல ஓட முடியாத சிறுவன் டேவிட். பெரிய ஓட்டப் பந்தய நாளில், மற்றப் பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்ற பயிற்சியாளரின் கவலையை ஒட்டி அவன் விலகி நிற்கிறான். முதல் பத்தி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம், டேவிட் என்னைப் பார்க்கவில்லை என்று தொடங்குகிறது. அடுத்தது, அவன் தொடக்கக் கோட்டுக்குப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது. இங்கே உண்மையிலேயே மனதுக்குள் போக வேண்டும். நடுவில் நடப்பது ஒரு மன மாற்றம் மட்டுமே. பட்டியல் இங்கேயாவது உதவ வேண்டும். ஆனால் ‘என்னைப் பார்க்கவில்லை’ என்ற நுணுக்கத்தைக் கதாசிரியரே கொடுத்த பிறகு, அதன் மேல் ஈயக் காலையும் முரசு இதயத்தையும் அடுக்கினால் அது அவன் அல்லாமல் போகிறது. பார்க்காமல் இருந்தவன் எப்போது நிமிர்ந்து பார்க்கிறான் என்ற ஒன்றைச் சொன்னாலே போதும்.

பட்டியல் ஏன் சாகவில்லை

சோம்பேறித்தனம் என்று ஆசிரியர்களைக் குறைசொல்வது எளிது, நியாயமில்லை. ஒரு ஆசிரியருக்குப் பெரும்பாலும் இரண்டு வகுப்பு, வகுப்புக்கு ஐம்பது பேர் என்று வையுங்கள். ஒரு கதையை ஒழுங்காகப் படித்துக் குறிப்பெழுத நான்கு நிமிடம் என்றால், நூறு தாளுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். வாரம் ஒரு கதை என்றாலே மூச்சுத் திணறும். வாக்கியப் பட்டியலையோ மறுநாள் காலை பத்து நிமிட டிக்டேஷனில் சரிபார்த்துவிடலாம். சரிபார்க்க எளிதானதுதான் வகுப்பில் நிலைக்கிறது. அதோடு, பட்டியலால் பலன் பெறுகிற மாணவர்களும் உண்டு. இரண்டு பத்தியில் நாலு வாக்கியம் தேறாத பிள்ளைக்கு, பிழையில்லாத பத்து வாக்கியம் கையில் இருப்பது அடித்தட்டிலிருந்து ஒரு படி ஏற்றிவிடும். பதினைந்துக்கு மேல் வாங்கக்கூடியவரிடம்தான் அதே பத்து வாக்கியம் சுமையாகிறது.

நூறு தாளையும் திருத்தாமல் செய்யக்கூடிய வழி ஒன்று உண்டு. வாரம் மூன்று கதை எழுதவைப்பதை விட்டு, மூன்று கதைக்குத் திட்டம் மட்டும் போடவைத்து, ஒன்றை எழுதவைப்பது. திட்டம் என்றால் நான்கு நிமிடம், அரைப் பக்கம். முதலில் இரண்டாம் பத்தியின் முதல் வரியைப் படித்து, அதற்கு முன்னால் நடந்தே தீர வேண்டியவற்றைக் குறிப்பது. அடுத்து, கதையில் கைக்கு எட்டும் பொருள்கள்: அட்டை, போன், வரிசை, ஏடிஎம். பிறகு முதல் பத்தியின் கடைசி வாக்கியம், அதாவது அடுத்த பத்திக்குக் கை கொடுக்கும் வாக்கியம். அதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் நடுப்பகுதி வழிதவறாது. கடைசியாக, கதையிலிருந்தே எடுத்துக்கொள்ளும் ஐந்தாறு வினைச்சொற்கள். இந்த அரைப் பக்கத்தைப் பக்கத்து மாணவரே பார்த்து, எண் கைமாறியதா, பேருந்தில் ஏறினாரா என்று கேட்டுவிடலாம். அதற்கு ஆங்கிலப் புலமை வேண்டாம்.

எழுதிய ஒன்றையும் அப்படியே விடக்கூடாது. இரண்டு நாள் கழித்துத் திரும்ப எழுத வேண்டும், இந்தத் தடவை இருபது சொல்லைக் குறைத்து. எதை வெட்டுவது என்று பார்க்கும்போது முதலில் போவது எப்போதுமே பட்டியல் வாக்கியம்தான். யாரும் சொல்லித்தராமலே அது மாணவருக்குத் தெரிந்துவிடும்.

இலக்கணத்தில் இரண்டு இடம் அடிக்கடி சறுக்குகிறது. ஒன்று, கதை இறந்தகாலத்தில் ஓடும்போது, உரையாடல் முடிந்ததும் நிகழ்காலத்துக்கு வழுக்கிவிடுவது. இன்னொன்று பட்டியலே கற்றுக்கொடுக்கிற பிழை. ‘செய்தியைக் கேட்டு, கண்ணில் நீர் வழிந்தது’ என்று தமிழில் சொன்னால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். சீனத்திலும் இது உறுத்தாது. ஆங்கிலத்திலோ முதல் பாதியின் எழுவாயும் இரண்டாம் பாதியின் எழுவாயும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்தியைக் கேட்டது கண்ணீர் என்று ஆகிவிடும். அழகுக்காக மனப்பாடம் செய்த வாக்கியத்தை வேறொரு வாக்கியத்தோடு ஒட்டும்போதுதான் இது நேர்கிறது. கேட்டது நான் என்றால் அடுத்த பாதியும் ‘நான்’ என்று தொடங்கட்டும்.

மற்றப் பகுதிகளும் கொஞ்சம்

கதைக்கு அரை மணி நேரமாவது மிஞ்ச வேண்டும் என்றால் முன்னால் சிக்கனம் தேவை. கேட்டல் இருபது நிமிடம், அதை மாற்ற முடியாது. அது தொடங்கும்போது சட்டை என்ன விலை என்று ஒரு மாதிரிக் கேள்வி ஒலிக்கும், விடை ஒன்பது பவுண்டு பதினைந்து பென்ஸ். தலைமுறைகளுக்கு மனப்பாடமாகி, இணையத்தில் நகைச்சுவையாகவே ஆகிவிட்ட சட்டை அது. அந்த நேரத்தில் சட்டையைக் கேட்காமல் முதல் ஐந்து கேள்விகளைப் படித்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த ஐந்து உரையாடலும் ஒரே தடவைதான் ஒலிக்கும். வாசிப்பில் நான்கு பகுதிக்கும் சேர்த்து முப்பத்திரண்டு நிமிடம். அதையடுத்து ஏழு வாக்கியத்தில் ஐந்தைப் பொறுக்கி இடைவெளியில் வைக்கும் பகுதிக்கு ஏழு நிமிடம். இதில் ஒன்றைத் தவறாக வைத்தால் இன்னொன்றும் இடம் மாறிவிடக்கூடும், அப்படியானால் இரண்டும் சேர்த்து 5 மதிப்பெண் காலி. இங்கேயும் திறமை அதேதான்: இடைவெளிக்குப் பின்னால் வரும் வாக்கியத்தில் ‘அது’, ‘அவர்கள்’ என்று எதைச் சுட்டுகிறது என்று பின்னாலிருந்து பார்ப்பது. வியன்னாக் கதையைத் திட்டமிடப் பழகியவர்களுக்கு இதுவும் கைவரும். பதினைந்து கோடிட்ட இடத்தைச் சொல்லால் நிரப்பப் பன்னிரண்டு நிமிடம், இலக்கணம் பார்த்து நிரப்பும் பத்திக்கு ஏழு. இலக்கணப் பத்தி பெரும்பாலும் சீனப் பண்பாடு பற்றியதாகவே வருகிறது. 2022-இல் பாண்டா தேசியப் பூங்கா, 2023-இல் சூப் நிறைந்த கொழுக்கட்டையான சியாவ்லோங்பாவ். விஷயம் தெரிந்ததுதானே என்ற நம்பிக்கையில் வாக்கியத்தைப் பார்க்காமல் விடுவதுதான் இங்கே ஆபத்து.

கடிதத்தை எழுதுவது எப்போதும் லி ஹுவா. ‘நீ லி ஹுவா என்று வைத்துக்கொள்’ என்று 1990-களிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் பள்ளி முடியவில்லை, வெளிநாட்டு நண்பர்களுக்கும் குறைவில்லை. 2023-இல் ரையன் என்ற ஆசிரியருக்குக் கடிதம். பேச்சுப் பயிற்சிக்கு மாணவர்களை ஏனோதானோவென்று இருவர் இருவராகப் பிரிக்கப் போகிறார், அதில் என்ன சிக்கல், என்ன மாற்று என்று சொல்ல வேண்டும். நலம் விசாரிப்புக்கும் ‘உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்’ என்ற முடிவுக்கும் முப்பத்தைந்து சொல் போனால், சிக்கலுக்கும் மாற்றுக்கும் ஒவ்வொரு வாக்கியம்தான் மிஞ்சும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொரு வாக்கியம், நடுவில் நான்கு என்று பழக்கினால் பன்னிரண்டு நிமிடத்தில் முடியும்.

கையெழுத்து பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஹெபெய் மாகாணத்தின் ஹெங்ஷுய் பெயரால் அறியப்படும் உருண்டை எழுத்தை மாணவர்கள் நகல் புத்தகத்தில் தினமும் எழுதிப் பழகுகிறார்கள். அச்சு மாதிரியே இருக்கும். கேலி செய்பவர்கள் உண்டு. விடைத்தாளை ஸ்கேன் செய்து, இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே கணினித் திரையில் பார்த்து மதிப்பெண் போடுகிற ஏற்பாட்டில் அது வீண் வேலை இல்லை. மெல்லிய, சாய்ந்த, நெருங்கிய எழுத்து திரையில் இன்னும் மோசமாகத் தெரியும். 0.5 மில்லிமீட்டர் கறுப்பு ஜெல் பேனா, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஆங்கில ‘o’ எழுத்தளவு இடைவெளி, நீளும் எழுத்துகளைக் குட்டையாக வைப்பது. இவ்வளவு போதும், முழு ஹெங்ஷுய் பாணி தேவையில்லை. விடைத்தாளில் கதைக்கென்று இருக்கும் பெட்டிக்கு வெளியே எழுதியது ஸ்கேனில் வராது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. முதல் பத்தி நீண்டு போனவர்கள்தான் இரண்டாம் பத்தியை ஓரத்தில் நெருக்கி, கடைசி வரியை வெளியே தள்ளுகிறார்கள்.

நேரம் போய்விட்டது, பன்னிரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்றால்? முதல் பத்தியை அலங்கரித்துக்கொண்டிருக்காமல் நான்கு வாக்கியத்தில் கட்டாய வேலைகளை முடித்துவிட்டு இரண்டாவதற்குத் தாவ வேண்டும். ஒரு பத்தி முழுதாகவும் இன்னொன்று வெறுமையாகவும் இருக்கிற தாளைவிட, இரண்டிலும் நான்கு நான்கு எளிய வாக்கியம் இருக்கிற தாளுக்கு நல்ல தட்டு கிடைக்கும். நான்கே வாக்கியம் என்றால் எதை வைப்பது என்று கேட்டால், குந்தரின் எண் அதில் ஒன்று.